அப்பாவின் சர்க்கரையும் என் ராஜினாமாவும்

ராஜினாமா கடிதம் கொடுத்தவனுக்கு ஆபீஸில் மாப்பிள்ளை மரியாதை. எட்டு வருஷமாக நிமிர்ந்து பார்க்காத மேனேஜர் தோளில் கை போட்டு, “உங்களை மாதிரி ஒரு ஆள் இனிமே கிடைப்பாரா?” என்று உருகுகிறார். (இதை இன்க்ரிமென்ட் சமயத்தில் சொல்லியிருந்தால் நான் ஏன் ஸார் போகப் போகிறேன்?) கேன்டீன்காரர் பழைய பாக்கியை மறந்துவிட்டு ஸ்பெஷல் டீ போடுகிறார்.

2022 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்குப் பிரிவுபசாரம். சமோசா, ஜாங்கிரி, ஒரு சுவர்க் கடிகாரம். அதற்கு முன்னால் காலை முழுக்க ‘நோ ட்யூஸ்’ படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்தேன். மொத்தம் பதினான்கு கையெழுத்து. லாக்கர் சாவி, கால்குலேட்டர், ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத லைப்ரரி, கேன்டீன் கூப்பன் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கி, டிராயரில் போட்டுப் பூட்டினார்கள்.

பர்ஸில் இன்னொரு கார்டு இருந்தது. நீலக் கலரில், நான், மனைவி, அப்பா, அம்மா என்று நான்கு பெயர் போட்ட மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு. அதை யாரும் கேட்கவில்லை. ‘அட, இது நம்மகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க போலிருக்கு’ என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அது செத்த கார்டு. அதனால்தான் கேட்கவில்லை!

புது வேலை பெருங்குடியில், 21-ம் தேதி புதன்கிழமை சேர வேண்டும். நடுவில் பதினோரு நாள். எட்டு வருஷத்தில் சேர்ந்தாற்போல் பதினோரு நாள் லீவு பார்த்திராத எனக்கு அது அமிர்தம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாயவரம் பக்கம் போய் வரலாம் என்று கிளம்பினோம். அப்பாவுக்கு அப்போது 63 வயசு. பதினாலு வருஷமாக சர்க்கரை, ஆறேழு வருஷமாக பி.பி. ‘உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வரலாம்’ என்று அம்மாதான் வைத்தீஸ்வரன்கோயிலைத் தேர்ந்தெடுத்தாள். வைத்தியநாத சுவாமியே குடியிருக்கும் இடம். தப்பு சொல்ல முடியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை உச்சி வேளை. வெளிப் பிராகாரத்தில் கருங்கல் தகதகவென்று காய்ந்து கிடந்தது. நான் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன். அப்பா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ மெரினாவில் வாக்கிங் போகிற மாதிரி நிதானமாக மூன்று சுற்று சுற்றினார்.

“சுடலையாப்பா?”

“ஒண்ணும் சுடலியேடா. உங்க தலைமுறைக்குத்தான் கால் பூஞ்சை.”

சுடவில்லை என்று அவர் சொன்னது நிஜம். வருஷக்கணக்கான சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போக வைத்துவிடும். சூடு, குத்தல் எதுவும் தெரியாது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மறுநாள் உடைந்தது. மூன்றாம் நாள் வலது கால் வீங்கிச் சிவந்து, குளிர் ஜுரம். வெள்ளிக்கிழமை குரோம்பேட்டை வீட்டுக்கு வந்த கையோடு, பக்கத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேதி 16.

இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் ஒரு பையன். நீலக் கார்டை நீட்டினேன். நம்பரைத் தட்டினான். திரும்பத் தட்டினான்.

“ஸார், இன்ஆக்டிவ்னு வருது.”

“கார்டுல அடுத்த மார்ச் வரைக்கும் போட்டிருக்கே தம்பி?”

“அது பாலிசிக்கு ஸார். உங்க பேரு 9-ம் தேதியோட டெலிட் ஆகியிருக்கு.”

பழைய கம்பெனி ஹெச்.ஆருக்கு போன் போட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் எனக்குக் கடிகாரம் கொடுத்த அதே பெண். “லாஸ்ட் வொர்க்கிங் டே அன்னிக்கு நைட்டே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம் ஸார். உங்க பேரு போனா ஃபேமிலி பேரும் போயிடும். தெரியாதா?” என்றாள். தெரியாது, தாயே!

புது கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அவர்கள் இன்னும் மரியாதை. “கண்டிப்பா சேர்த்துடலாம் ஸார். பேரன்ட்ஸுக்கு பிரீமியம் உங்க சம்பளத்துல பிடிப்போம். ஆனா கவர் உங்க ஜாயினிங் டேட்லேர்ந்துதான். அதுக்கு முன்னாடி அட்மிட் ஆனது க்ளெய்ம் ஆகாது.”

காலில் கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். விரல் எதுவும் போகவில்லை என்பதை டாக்டர் ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சொன்னார். விழுந்த மாதிரிதான். 21-ம் தேதி காலையில் ஆஸ்பத்திரி பாத்ரூமிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு புது வேலையில் சேர்ந்தேன். 25-ம் தேதி டிஸ்சார்ஜ். பில் 1,84,000 ரூபாய். மனைவியின் நாலு வளையல் பேங்குக்குப் போய் நகைக்கடனாக மாறின. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான், “பத்து நாள் கழிச்சு அந்த வேலையை விட்டிருக்கக் கூடாதாடா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அது போதாதா!

அதற்குப் பிறகுதான் இந்த மெடிக்ளெய்ம் சமாசாரத்தைத் தோண்டித் துருவ ஆரம்பித்தேன். சுட்ட பிறகுதானே ஸார் நமக்கெல்லாம் சூடு தெரியும். அப்பாவுக்கு அதுவும் தெரியவில்லை!

எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். அரசாங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டு வந்தது 1986-ல்; அடுத்த வருஷமே ஏஜென்டானவர். நான் கதையைச் சொல்லி முடித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

“தம்பி, கம்பெனி கொடுத்த கார்டு ஒங்க கார்டுன்னா நெனச்சிய? கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரில்லா அது. வேலைய விட்டா சாவியக் கொடுத்துட்டு வெளிய வரணும்.”

அப்புறம் விளக்கினார். கம்பெனிகள் எடுக்கும் குரூப் பாலிசியில், நோய் ஏற்கெனவே இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. முதல் நாளிலிருந்தே சர்க்கரை, இருதயம், ஆஸ்துமா எல்லாம் உண்டு. ஏனென்றால் ஐந்நூறு பேர் மொத்தமாகச் சேருகிறார்கள். அதில் நானூறு பேர், தலைவலிக்குக்கூட டீ குடித்துத் தீர்த்துக்கொள்ளும் இளவட்டங்கள். அவர்கள் கட்டும் பிரீமியத்தில் மீதி நூறு பேரின் ஆபரேஷன் ஓடிவிடும். தவிர, சிறுநீரகக் கல் இருக்கிறது என்பதற்காக யாரும் அக்கவுன்ட்ஸ் கிளார்க் வேலைக்குச் சேருவதில்லை.

தனி ஆளாகப் பாலிசி எடுக்கப் போனால் கதை மாறுகிறது. இவன் ஏன் திடீரென்று வருகிறான் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சந்தேகப்படும். அதனால் முதல் 30 நாள், விபத்து தவிர எதுவும் கிடையாது. கண் புரை, குடலிறக்கம் போன்ற நிதான வியாதிகளுக்குத் தனியாக ஒரு பட்டியல், அதற்கு ஒரு காத்திருப்பு. இவை தவிர, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று ஒரு பெரிய பூட்டு. நான் விசாரித்த 2022-ல் அந்தப் பூட்டின் உச்ச வரம்பு 48 மாதம். 2024 ஏப்ரலிலிருந்து அதை 36 மாதம் ஆக்கினார்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன, அல்லது வைத்தியம் பார்த்த எதுவும் இந்தக் கணக்கில் வரும். சர்க்கரைக்கு தினசரி மாத்திரை போடுகிறவர் தப்பவே முடியாது.

“அப்போ நான் வேலையை விட்ட அன்னிக்கு அப்பாவோட சர்க்கரை...”

“அதுவரைக்கும் வெறும் சர்க்கரை தம்பி. பத்தாம் தேதிலேர்ந்து அது ‘ஏற்கெனவே இருந்த நோய்’.”

எட்டு வருஷம் இந்தப் பாலிசியில் இருந்ததற்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று கேட்டேன். அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். “இருந்துச்சு. நீங்கதான் கேக்கலியே!”

இதுதான் என் வயிற்றெரிச்சலின் உச்சம். குரூப் பாலிசியிலிருந்து விலகுகிற ஊழியர், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தன் பெயருக்குத் தனிப் பாலிசியாக மாறிக்கொள்ளலாம். ‘மைக்ரேஷன்’ என்று பெயர். குடும்பத்தார் அந்த குரூப்பில் இருந்தால் அவர்களும் மாறலாம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. முக்கியமானது என்னவென்றால், பழைய பாலிசியில் ஓட்டிய வருஷங்கள் கூடவே வரும். காத்திருக்க வேண்டிய காலத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் காத்திருந்தால் போதும். பழைய தொகை எவ்வளவோ அதுவரைக்கும்தான் இந்தச் சலுகை. மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குத் தாவினால், கூடுதல் ஏழுக்குப் புதுசாகக் காத்திருக்க வேண்டும்.

பொறி ஒன்று உண்டு. குரூப்பிலிருந்து தனிக்கு மாறும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி உடம்பைப் பரிசோதிக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம், முடியாது என்றும் சொல்லலாம். ஆனால் கேட்டால்தானே முடியும், முடியாது என்பதெல்லாம்? பதினான்கு கையெழுத்தில் பதினைந்தாவதாக, ‘உங்கள் இன்ஷூரன்ஸை மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் மனைவியின் வளையல் கையிலேயே இருந்திருக்கும். போட மாட்டார்கள். கால்குலேட்டர் கம்பெனி சொத்து, அப்பாவின் கால் என் சொந்தச் சொத்து!

நியூஜெர்ஸியில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனிடம் போனில் புலம்பினேன். அவனும் அடிக்கடி வேலை மாறுகிற ஜாதி. அங்கேயும் ஒரு காலத்தில் இதே பாடுதானாம். 1996-ல் ஒரு சட்டம் போட்டு, இரண்டு வேலைக்கு நடுவில் 63 நாளுக்குள் அடுத்த இன்ஷூரன்ஸில் சேர்ந்துவிட்டால் பழைய காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே இருந்த நோய் என்று காரணம் காட்டி மறுப்பதற்கே தடை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி என்றால், வேலையை விட்ட பிறகும் பொதுவாகப் பதினெட்டு மாதம் பழைய பாலிசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். “சூப்பர்ணா!” என்றேன். “சூப்பர்தான். ஆனா பிரீமியத்துல கம்பெனி போட்டுண்டிருந்த பங்கையும் சேத்து நாமதான் கட்டணும். 102 பர்சென்ட். அந்த ரெண்டு பர்சென்ட் கணக்கு எழுதற கூலி. பில்லைப் பார்த்தா நெஞ்சு வலி வரும், அதுக்கும் கவர் உண்டு” என்றான்.

நம் ஊரிலும் நோயைப் பற்றிக் கேட்காத ஓர் இடம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.! 1948-ம் வருஷச் சட்டத்தில் பிறந்தது. சேரும்போது சர்க்கரையா, ஆஸ்துமாவா என்று யாரும் கேட்பதில்லை. சம்பாத்தியம் இல்லாத அப்பா அம்மாவுக்கும் உண்டு. மாதச் சம்பள வரம்பை 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். என் தம்பி அதைத் தாண்டிய மாதம் வீட்டில் பாயசம் வைத்தோம். இ.எஸ்.ஐ. நின்றுபோகும் என்பது பாயசம் குடிக்கும்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. (உடனே நிறுத்திவிடுவதில்லை. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று ஆறாறு மாதக் கணக்கு. நடுவில் சம்பளம் ஏறினால் அந்த ஆறு மாதம் முடியும்வரை ஓடும்.)

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். புது கம்பெனியில் சேர்ந்த முப்பது நாளுக்குள் பெற்றோர் பெயரைக் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்தான் என்றார்கள். முதல் நாளே கொடுத்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. இந்த வேலையும் எத்தனை நாளைக்கு? அதனால் அப்பா அம்மா பெயரில் சொந்தமாக ஒரு பாலிசி போட்டுவிடுவது, நாம் எங்கே வேலை பார்த்தாலும் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் அடுத்த கண்டம். ஆபீஸில் ஒரு நண்பன். எல்லா விஷயத்துக்கும் குறுக்கு வழி வைத்திருப்பவன். “சுகர்னு ஏம்ப்பா எழுதறே? ‘நில்’லுன்னு போடு. எவன் வந்து பார்க்கப் போறான்?” என்றான். மனசு ஆடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதினால் பிரீமியம் ஏறுகிறது, எழுதாவிட்டால் மூன்று நிமிஷத்தில் பாலிசி கையில்.

அண்ணாச்சி சிரித்தார். “ஒங்கப்பாவ அட்மிட் பண்ணுதப்ப டூட்டி டாக்டர் என்ன கேட்டாரு?”

நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஜுரத்தோடு கிடந்த அப்பாவிடம் ஒரு சின்னப் பெண் டாக்டர், “எத்தனை வருஷமா சுகர் இருக்கு தாத்தா?” என்று கேட்டாள். தாத்தா என்றதில் கொஞ்சம் அடிபட்டாலும், அப்பா ஏதோ சர்வீஸ் அனுபவத்தைச் சொல்கிற மாதிரி, “பதினாலு வருஷம்மா! இதுவரைக்கும் இன்சுலின் கிடையாது, மாத்திரையிலேயே ஓட்டறேன்” என்றார். அவள் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

“அந்த ஒரு வரி போதும் தம்பி. இன்ஷூரன்ஸ்காரன் மொதல்ல கேக்குததே அந்த கேஸ் ஷீட்டத்தான். நீங்க பாலிசியில ‘நில்’லுன்னு எழுதியிருப்பிய, ஒங்கப்பா டாக்டர்ட்ட பதினாலுன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பான். க்ளெய்ம் போச்சு, பாலிசியும் போச்சு, கட்டின பணமும் போச்சு.”

பாலிசியை இத்தனை வருஷத்துக்கு மேல் குடைந்து கேள்வி கேட்கக்கூடாது என்று ஒரு கெடு இருக்கிறது. 8 வருஷமாக இருந்ததை 2024-ல் 5 வருஷமாகக் குறைத்திருக்கிறார்கள். அதிலும் மோசடி என்று நிரூபித்தால் கெடுவெல்லாம் செல்லாது. அந்த ஐந்து வருஷமும் அப்பாவை எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்ல முடியுமா? எங்கள் அப்பாவிடமா!

எழுதிவிட்டால் அதுவே நமக்குப் பாதுகாப்பு. வெளிநாடு போன ஒருவர், மெடிக்ளெய்ம் படிவத்தில் தனக்கு சர்க்கரை என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் விமானத்தை விட்டு இறங்கியதும் மாரடைப்பு. கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2021 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உடல்நிலையை எடைபோட்டுப் பாலிசி கொடுத்துவிட்டு, பின்னால் அதே நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றார்கள்.

எல்லாவற்றையும் எழுதினேன். சர்க்கரை, பி.பி., கால் ஆபரேஷன், அம்மாவின் தைராய்டு. படிவத்தில் இடம் போதாமல் தனித் தாள் ஒட்டினேன். முதல் கம்பெனி முடியாது என்றது. இரண்டாவது பதிலே சொல்லவில்லை. மூன்றாவது கம்பெனி ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து லட்சத்துக்கு வருஷம் 52,000 ரூபாய், ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நாங்கள் போட வேண்டும், சர்க்கரைக்கும் பி.பி.க்கும் 48 மாதம் பொறுக்க வேண்டும் என்றது. 2022 டிசம்பரில் பாலிசி ஆரம்பம். பழைய வரி முறையில் இருந்தேன்; அறுபது தாண்டிய பெற்றோருக்காக 50,000 வரை 80டி-யில் கழித்துக்கொள்ள முடிந்தது, அது ஒரு சின்ன ஆறுதல்.

ஆக, ஆபீஸ் கார்டு ஒன்று, சொந்தப் பாலிசி ஒன்று. “ரெட்டை மாட்டு வண்டி” என்றாள் மனைவி. அவள் கையில் இரண்டு வளையல் அதற்குள் திரும்பியிருந்தது.

2024-ல் பெருங்குடி ஆபீஸில் ஆட்குறைப்பு. என் தலை தப்பியது. பக்கத்து ஸீட்டுக்காரருக்குத் தப்பவில்லை. 47 வயசு. இரண்டு வருஷம் முன்னால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். கம்பெனி பாலிசியில்தான் நடந்தது. கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் ‘ஸாரி ஸார்’ சொன்னார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு.

“ஸார், கடைசி நாள் எது?”

“வர்ற வெள்ளிக்கிழமை. ஏம்ப்பா?”

“சம்பளத்தை அப்புறம் பேசலாம். முதல்ல இன்ஷூரன்ஸுக்கு லெட்டர் போடுங்க!”

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஹெச்.ஆரில் கேட்டால், “அந்த மாதிரி ஆப்ஷன் எதுவும் இல்லை” என்றார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து நாலு வரியில் ஒரு கடிதம் தயாரித்தோம். குரூப் பாலிசியிலிருந்து இன்ன தேதியில் விலகுகிறேன், தனிப் பாலிசிக்கு மாற விரும்புகிறேன், இத்தனை வருஷமாக உறுப்பினர். அவ்வளவுதான். ஹெச்.ஆருக்கு ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஈ-மெயிலில் ஒன்று, அவர்கள் கிளை ஆபீஸில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கி ஒன்று. சேர்ந்த நாளிலிருந்து வருஷா வருஷம் அவர் பெயர் இருந்த பட்டியலின் நகலையும், ஹெச்.ஆர். பெண்ணிடம் கெஞ்சி வாங்கி இணைத்தோம். பின்னால் அதுதான் காப்பாற்றியது, ‘எத்தனை வருஷம் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி?’ என்று கேட்டபோது.

இ.சி.ஜி., எக்கோ, ரத்தம் என்று எல்லாம் எடுத்தார்கள். பதினைந்து நாள் அவர் தூங்கவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்து என்ன என்றும் பார்த்து வைத்தோம். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் பிடிக்கவில்லை என்றால், தேனாம்பேட்டையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் ஆபீஸ். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஐம்பது லட்சம் வரை விசாரிக்கிறார்கள். போக வேண்டிய அவசியம் வரவில்லை. ஏற்றிய பிரீமியத்தோடு, வருஷம் 31,000 ரூபாய்க்கு, பழைய மூன்று லட்சத்துக்கே பாலிசி வந்தது. ஐந்து வருஷம் குரூப்பில் இருந்ததால் இருதயத்துக்குக் காத்திருப்பு இல்லை. அன்றைக்கு சாயங்காலம் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா வந்தது. அவருக்கு அப்போது வேலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் கார்டு கொடுத்தார்கள். ஆனால் தன் பாலிசியை விடவில்லை. விருப்பப்பட்டால், புதுப்பிக்கும் சமயத்தில் வேறு கம்பெனிக்குக்கூட அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். 2011 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுகிற மாதிரி.

அப்பாவின் பாலிசி? 2024 டிசம்பரில் புதுப்பித்தபோது 48 என்று இருந்த இடத்தில் 36 என்று மாறி வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு ஒரு வருஷம் தண்டனைக் குறைப்பு என்று தெருவெல்லாம் சொன்னார். 2025 டிசம்பரில் இன்னொரு நல்ல காரியம். தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை அந்த செப்டம்பர் 22-லிருந்து எடுத்துவிட்டதால், பில்லில் வரி என்ற இடம் காலியாக இருந்தது. வயசு ஏறியதற்காக பிரீமியத்தை ஏற்றி அதைச் சமன் செய்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த டிசம்பரோடு 36 மாதம் முடிந்தது. புதுப் பாலிசித் தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘ஏற்கெனவே இருந்த நோய்கள்’ என்ற வரிக்கு எதிரே காத்திருப்பு முடிந்துவிட்டது என்று போட்டிருந்ததை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

“அப்போ இனிமே சர்க்கரைக்கும் பணம் கொடுப்பான்?”

“கொடுப்பான்ப்பா.”

“நல்லதாப் போச்சு. தை பிறந்ததும் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம். போன தடவை மூணு சுத்துதான் சுத்தினேன்.”

அம்மா பதில் பேசவில்லை. பீரோவைத் திறந்து இரண்டு ஜோடி தடிமனான சாக்ஸை எடுத்து, பயணப் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.